நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை: அமெரிக்கக் கதைகளின் எதிர்நாயகர்கள்

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003இல் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்று ஹாலிவுட்டின் தலைசிறந்த நாயகர்கள் ஐம்பது பேருக்கானது. மற்றொன்று தலைசிறந்த வில்லன்கள் ஐம்பது பேருக்கானது. நாயகர்களில் முதலிடம் அட்டிகஸ் ஃபின்ச் என்ற சிற்றூர் வழக்கறிஞருக்குக் கிடைத்தது. வில்லன்களில் முதலிடம் மனித மாமிசம் தின்னும் மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டருக்கு. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. பட்டியலில் கீழே இறங்கினால்தான் வேடிக்கை. வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்த புட்ச் காசிடியும் சன்டான்ஸ் கிட்டும் நாயகர் வரிசையில் நிற்கிறார்கள். 'காட்ஃபாதர்' கதையின் மாஃபியா தலைவர் மைக்கேல் கார்லியோனி வில்லன் வரிசையில் இருக்கிறார். டெர்மினேட்டர் என்ற இயந்திர மனிதனோ இரண்டு பட்டியலிலும் இடம்பிடித்திருக்கிறது.

பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நாயகன், வில்லன் என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கதைகளைப் பிரிக்கப் புகுந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டிலும் அடங்காதவர்களை எதிர்நாயகர்கள் என்கிறோம். ஆன்டிஹீரோ என்றும் சொல்வதுண்டு. கடந்த நூறு ஆண்டுகளில் அமெரிக்க நாவல்கள் உலகுக்குக் கொடுத்த முக்கியமான பாத்திரங்களில் பெரும்பாலானவர்கள் இந்த வகையினர். புதிதாக அமெரிக்க இலக்கியம் படிக்க வருகிறவர்கள் பலர், 'இந்த ஆளை எப்படி நாயகன் என்று ஏற்பது?' என்று முதல் ஐம்பது பக்கங்களிலேயே முகம் சுளித்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

நாயகன் எப்படிப்பட்டவன்?

அட்டிகஸ் ஃபின்ச்சையே எடுத்துக்கொள்வோம். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வெளிவந்தது. கதை நடப்பது 1930களின் அலபாமாவில். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை வன்புணர்ந்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவருக்காக அட்டிகஸ் வாதாட ஒப்புக்கொள்கிறார். விசாரணைக்கு முந்தைய இரவு, சிறைக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்விளக்கைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, செய்தித்தாள் படித்தபடி உட்கார்ந்திருக்கிறார். டாமை இழுத்துச் சென்று கொல்ல ஒரு கும்பல் கார்களில் வந்து இறங்குகிறது. அட்டிகஸ் கையில் துப்பாக்கி கிடையாது. கடைசியில் அந்தக் கும்பலைக் கலைப்பவள் அவருடைய சின்னப் பெண் ஸ்கவுட். சொல்லாமல் கொள்ளாமல் அங்கே ஓடி வந்துவிட்ட அவள், கூட்டத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் மகன் தன்னோடு படிப்பதைப் பற்றி வெள்ளந்தியாகப் பேச்சுக் கொடுக்கிறாள். அந்த மனிதர் கூனிக்குறுகி, 'கிளம்பலாம்' என்று மற்றவர்களிடம் சொல்கிறார். காரியத்தைச் சாதித்தவள் மகள். பெயர் வாங்கியவர் அப்பா.

வழக்கில் அட்டிகஸ் தோற்கிறார். டாமும் பின்னர் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுடப்பட்டு இறக்கிறான். ஆனாலும் அட்டிகஸ் நாயகர்தான். கதை எதை நல்லது என்று நம்புகிறதோ அதையே அவரும் நம்புகிறார். அதற்காகப் பகையையும் அவமானத்தையும் ஏற்கிறார். அவர் செய்வது சரியா என்ற சந்தேகம் நமக்கு ஒரு கணமும் எழுவதில்லை. 'தாக்குப்பிடிப்பாரா?' என்பது மட்டுமே நம் கவலை. 1938இல் காமிக்ஸ் புத்தகத்தில் அறிமுகமான சூப்பர்மேன் முதல் கௌபாய் கதைகளின் ஷெரிஃப் வரை அமெரிக்க நாயகர்கள் எல்லோரும் இந்த இலக்கணத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை.

2015இல் ஒரு திருப்பம் நடந்தது. மாக்கிங்பேர்டுக்கு முன்பே லீ எழுதி வைத்திருந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' அந்த ஆண்டு அச்சேறியது. அதில் இருபத்தாறு வயது ஸ்கவுட் ஊருக்குத் திரும்பி வருகிறாள். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கொடுப்பதை எதிர்க்கும் ஊர்க் கூட்டத்தில் தன் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்திருந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். என்னைக் கேட்டால், இரண்டாவது அட்டிகஸ்தான் அந்தக் காலத்து அலபாமாவில் நிஜமாக நடமாடியிருக்கக்கூடிய மனிதர். அவரைப் படிப்பது இன்பமாக இல்லை என்பது வேறு விஷயம்.

எதிர்நாயகன் எங்கே பிரிகிறான்?

கதையின் மையத்தில் இருப்பான்; நாயகனிடம் நாம் எதிர்பார்க்கும் வீரம், நேர்மை, தன்னலமின்மை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அவனிடம் இருக்காது; இருந்தும் கதை நம்மை அவன் கூடவே நடக்க வைக்கும். எதிர்நாயகனுக்கு இவ்வளவுதான் அடிப்படை. 'இவன் செய்வது சரியா?' என்று நாம் கேட்டுக்கொண்டே படிப்போம். பதில் பக்கத்துக்குப் பக்கம் மாறும். வில்லன் விஷயத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனென்றால் அவன் மனத்துக்குள் உட்கார நமக்குக் கதை இடம் கொடுப்பதில்லை. ஒரே ஆளை யார் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவன் வில்லனாகவும் ஆகலாம், எதிர்நாயகனாகவும் ஆகலாம். மைக்கேல் கார்லியோனியை அவர் கொன்றவர்களின் குடும்பத்தார் சொல்லும் கதையில் வைத்துப் பாருங்கள், புரியும்.

இந்தப் பாத்திரவகை அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1864இல் எழுதிய நிலவறைக் குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில், நாவலுக்கு ஒரு நாயகன் தேவை, இங்கேயோ நாயகனுக்கு எதிரான குணங்கள் எல்லாம் வேண்டுமென்றே திரட்டப்பட்டிருக்கின்றன என்று கதைசொல்லியே சொல்லிவிடுகிறான். அமெரிக்கர்கள் அந்தச் சரக்கை எடுத்துத் தங்கள் ஊர்ப் பிரச்சினைகளுக்கு ஏற்ப வளர்த்தார்கள்.

அமெரிக்க எதிர்நாயகர்களை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்ப்பது ஆரம்ப வாசகர்களைக் குழப்புகிறது. அவர்களில் இரண்டு சாதியார் உண்டு. முதல் வகையினர், ஊர் நல்லது என்று சொல்வதைச் செய்ய மறுப்பவர்கள். இரண்டாம் வகையினர், ஊர் ஆசைப்படும் அதே பணத்தையும் மரியாதையையும் அடைய ஊர் தடுத்துள்ள வழியில் போகிறவர்கள். கீழே வரப்போகும் ஹக் ஃபின்னும் வால்டர் ஒயிட்டும் ஒரே பெயருக்குள் வந்தாலும் ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது.

மறுப்பவர்கள்

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' அமெரிக்காவில் 1885இல் வெளிவந்தது. குடிகார அப்பனிடமிருந்து தப்பிய பையன் ஹக், எஜமானியிடமிருந்து தப்பிய அடிமை ஜிம்மோடு தெப்பத்தில் மிஸிஸிப்பி ஆற்றில் போகிறான். 31ஆம் அத்தியாயத்தில், கூட ஒட்டிக்கொண்ட இரண்டு மோசடிக்காரர்களில் ஒருவன் ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறான். ஜிம் ஒரு பண்ணையில் அடைபட்டிருக்கிறான். ஹக்குக்கு மனச்சாட்சி உறுத்துகிறது. எதற்காக உறுத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஏழைக் கிழவியின் சொத்தான அடிமை ஓடிப்போக உதவிவிட்டோமே, இது திருட்டு அல்லவா, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றுதான் அவன் பயப்படுகிறான். பிரார்த்தனை செய்யப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. உடனே ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி எஜமானிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல மனம் லேசாகிறது.

பிறகு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறான். ஆற்றில் வந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. தன் முறைக்கு விழித்திருந்த ஜிம், ஹக் தூங்கட்டும் என்று அவனை எழுப்பாமல் அவன் முறைக்கும் சேர்த்துக் காவல் இருந்தது நினைவுக்கு வருகிறது. கடிதத்தைக் கையில் எடுக்கிறான், கை நடுங்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசிக்கிறான். 'சரி, அப்படியானால் நான் நரகத்துக்கே போகிறேன்' என்று கிழித்துப் போடுகிறான்.

அடிமைமுறை தவறு என்ற ஞானம் ஹக்குக்குக் கடைசிவரை வரவில்லை. தான் பாவம் செய்வதாகவே நம்பிக்கொண்டு அதைச் செய்கிறான். சட்டம், சர்ச், பள்ளிக்கூடம், அண்டை வீட்டார் எல்லோரும் ஒரு பக்கம். தெப்பத்தில் கண்ட ஒரு மனிதன் மறுபக்கம். நாயகனுக்குத் தான் நல்லவன் என்பது தெரியும். ஹக்குக்குத் தெரியாது. அமெரிக்க எதிர்நாயகனின் முதல் பெரிய காட்சி இது என்பது என் கருத்து; இதைவிடச் சிறந்த காட்சி பின்னாலும் வரவில்லை. இதற்குப் பிறகு ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையை ஒரு சிறுபிள்ளை விளையாட்டாக்கும் அத்தியாயங்கள் சறுக்கல். நாவலாசிரியர் ஹெமிங்வேயும் 1935இல் அதை ஏமாற்று வேலை என்றார். பொறுமை இல்லாதவர்கள் அவற்றை வேகமாகப் புரட்டிவிடலாம்.

ஹெமிங்வேயே இந்த வரிசையில் அடுத்த ஆள். முதல் உலகப் போரில் பதினெட்டு வயதில் இத்தாலியப் போர்முனைக்குச் சென்று காயம்பட்டவர் அவர். 1929இல் வந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலில் ஃபிரெடரிக் ஹென்றி என்ற அமெரிக்கன் இத்தாலியப் படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் லெஃப்டினன்ட். படை பின்வாங்கும்போது அவன் வண்டி சேற்றில் சிக்குகிறது. உதவ மறுத்து நடையைக் கட்டும் ஒரு சார்ஜென்ட்டை ஹென்றி சுடுகிறான். மறுநாள் ஆற்றுப் பாலத்தருகே இராணுவப் போலீசார், படைப்பிரிவைவிட்டுப் பிரிந்த அதிகாரிகளைப் பிடித்துச் சில கேள்விகள் கேட்டு அங்கேயே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் முறை வருவதற்குள் ஹென்றி ஆற்றில் குதித்துத் தப்புகிறான். போரையும் அத்தோடு கைகழுவுகிறான். ஓடிப்போனவனைச் சுட்டவன் தானே ஓடிப்போகிறான். இந்த முரணைப் பற்றி ஹெமிங்வே ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. புகழ், தியாகம் போன்ற சொற்களைக் கேட்டாலே ஹென்றிக்குக் கூச்சமாக இருக்கிறது. ஊர்ப்பெயர்களுக்கும் சாலை எண்களுக்கும் மட்டுமே கண்ணியம் மிஞ்சியிருப்பதாக அவன் நினைக்கிறான்.

இரண்டாம் உலகப் போருக்கு இந்த வேலையைச் செய்தவர் ஜோசப் ஹெல்லர். அவரே குண்டுவீச்சு விமானத்தில் அறுபது முறை பறந்தவர். அவருடைய 'கேட்ச்-22' 1961இல் வந்தது. நாயகன் யொசாரியனுக்கு ஒரே ஓர் ஆசை, உயிரோடு வீடு திரும்ப வேண்டும். இத்தனை முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று விதி இருக்கிறது. அந்த எண்ணிக்கையை நெருங்கும்போதெல்லாம் கர்னல் அதை உயர்த்திவிடுகிறார். பைத்தியக்காரர்கள் பறக்க வேண்டாம் என்றும் விதி உண்டு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்குப் பயந்து விண்ணப்பிப்பவன் தெளிவான புத்தி உள்ளவன், ஆகவே பறந்தாக வேண்டும். யொசாரியன் கல்லீரலில் வலி என்று பொய் சொல்லி மருத்துவமனையில் படுக்கிறான், பதக்கம் வாங்க அம்மணமாக வந்து நிற்கிறான். பழைய இலக்கணப்படி அவன் கோழை. அந்தக் கோழைத்தனத்துக்குக் காரணமான ஒரு விமானப் பயணத்தை நாவல் துண்டு துண்டாகவே சொல்லி வருகிறது. முழுக் காட்சி கடைசிப் பகுதியில்தான் கிடைக்கிறது. ஸ்நோடன் என்ற இளைஞனின் தொடைக் காயத்துக்குக் கவனமாகக் கட்டுப்போட்டு முடித்த பிறகுதான், உண்மையான காயம் அவன் கவச உடைக்குள்ளே இருப்பதை யொசாரியன் காண்கிறான். சிரித்துக்கொண்டே வந்த வாசகர் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார். வியட்நாம் போர் சூடுபிடித்தபோது கல்லூரி மாணவர்கள் இந்த நாவலைத் தேடித்தேடிப் படித்ததில் வியப்பில்லை.

ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை' (1951) நாவலின் ஹோல்டன் கால்ஃபீல்ட் மறுப்பது பெரியவர்களின் உலகத்தை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பதினாறு வயதுப் பையன் நியூயார்க்கில் சுற்றித் திரிகிறான். பார்ப்பவர்களையெல்லாம் போலிகள் என்கிறான். அவனே சரளமாகப் பொய் சொல்கிறான். எரிச்சலூட்டும் பையன்தான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோன தம்பி, மைதானத்தில் நிற்கும்போது படிப்பதற்காகப் பேஸ்பால் கையுறை முழுவதும் பச்சை மையால் கவிதைகள் எழுதி வைத்திருந்தான் என்பதை ஹோல்டன் போகிற போக்கில் சொல்கிறான். அந்த இடத்தைத் தவறவிட்டவர்களுக்குத்தான் அவன் வெறும் திமிர்பிடித்த பையனாகத் தெரிவான்.

இந்த வகையிலேயே தனித்து நிற்பது ரால்ஃப் எலிசனின் 'இன்விசிபிள் மேன்' (1952). பெயரே சொல்லாத கறுப்பின இளைஞன் கதைசொல்லி. மற்றவர்கள் நாயகனாக மறுக்கிறார்கள். இவன் நாயகனாக ஆவதற்குப் படாத பாடு படுகிறான். நன்றாகப் பேசுவான் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்துக்கு அழைக்கிறார்கள். போனால், கண்ணைக் கட்டி மற்ற கறுப்பினப் பையன்களோடு குத்துச்சண்டை போட வைக்கிறார்கள், மின்சாரம் பாயும் விரிப்பில் காசு பொறுக்க வைக்கிறார்கள். அதற்குப் பிறகு, வாயில் ரத்தத்தோடு அவன் தன் சொற்பொழிவை நிகழ்த்துகிறான். பரிசாகக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கிறது. கல்லூரி, தொழிற்சாலை, அரசியல் அமைப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் அவனைப் பயன்படுத்திக்கொள்கிறார்களே தவிர, அவனை யாரும் பார்ப்பதில்லை. முடிவில் நிலவறை ஒன்றில் 1,369 பல்புகளைப் பொருத்தி, மின் நிறுவனத்திடமிருந்து திருடிய மின்சாரத்தில் எரியவிட்டுக்கொண்டு வாழ்கிறான். நாயகனாவதற்கும் முதலில் ஊர் உன்னை மனிதனாகப் பார்க்க வேண்டும் என்ற இந்தச் சிக்கல் ஹெமிங்வேயின் ஆட்களுக்கு வந்ததில்லை.

துப்பறியும் கதைகளை இரண்டு வகைக்கும் நடுவில் வைக்கலாம். ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' (1939) நாவலில், நாளொன்றுக்கு இருபத்தைந்து டாலரும் செலவும் வாங்கும் ஃபிலிப் மார்லோ பணக்கார வீடொன்றுக்குள் நுழைகிறான். வாசல் கண்ணாடி ஓவியத்தில் ஒரு போர்வீரன், மரத்தில் கட்டப்பட்ட பெண்ணை விடுவிக்க முயன்றுகொண்டிருக்கிறான். கயிறு அவிழ்கிற மாதிரி தெரியவில்லை. இங்கேயே குடியிருந்தால் என்றாவது நாமே ஏறி உதவ வேண்டியிருக்கும் என்று மார்லோ நினைத்துக்கொள்கிறான். குடிக்கிறான், பொய் சொல்கிறான், தடயங்களை மறைக்கிறான். ஆனாலும் மனத்துக்குள் பழைய காலத்து வீரன் ஒருவன் சாகாமல் இருக்கிறான்.

ஆசைப்படுபவர்கள்

இரண்டாம் வகையின் தலைமகன் ஜே கேட்ஸ்பி. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925இல் வந்தது. கள்ளச்சாராயத்தில் பணம் சேர்த்து, மாளிகை வாங்கி, விருந்து மேல் விருந்து வைத்து, இன்னொருவனின் மனைவியாகிவிட்ட பழைய காதலியைத் திரும்பப் பெறப் பார்க்கிறான். விருந்துகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு நாவலின் உயிர், அவன் இறந்த பிறகு வரும் ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது.

சவ அடக்கத்துக்கு வரும் ஏழைத் தகப்பன், மகன் சிறுவயதில் வைத்திருந்த ஒரு கௌபாய் கதைப் புத்தகத்தைக் காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் ஒரு கால அட்டவணை. ஆறு மணிக்கு எழுந்திருத்தல். ஆறேகாலுக்கு உடற்பயிற்சி. ஏழேகாலிலிருந்து ஒரு மணி நேரம் மின்சாரம் முதலியவை பற்றிய படிப்பு. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பேச்சுப் பயிற்சியும் நடையுடை பாவனையும். அதன் கீழே உறுதிமொழிகள்: புகைபிடிக்கக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க வேண்டும், வாரம் ஐந்து டாலர் சேமிக்க வேண்டும். ஐந்தை அடித்துவிட்டு மூன்று என்று திருத்தியிருக்கிறான். பெற்றோரிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்பது கடைசி. (அட்டவணையில் உள்ள தேதி 1906, புத்தகமோ 1910இல்தான் வெளிவந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் சரிபார்க்கவில்லை.)

அமெரிக்க வாசகருக்கு இந்த அட்டவணை உடனே பெஞ்சமின் ஃபிராங்க்ளினை நினைவூட்டும். உழைத்து முன்னேறு என்று நாட்டுக்கே பாடம் சொன்ன அவர், தன் சுயசரிதையில் இப்படித்தான் நாளை மணிக்கணக்கில் பிரித்துக் காட்டினார். அந்தப் பாடத்தை எழுத்து பிசகாமல் படித்த பையன் எப்படிக் கள்ளச்சாராயக்காரன் ஆனான்? கேட்ஸ்பி ஊரின் மதிப்பீடுகளை எதிர்த்தவன் இல்லை. அவற்றை ஊரைவிட அதிகமாக நம்பியவன். குற்றவாளியை வைத்துக் கனவையே விசாரிக்கும் இந்த உத்தி பின்னால் வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மரியோ பூசோவின் 'தி காட்ஃபாதர்' (1969) நாவலும் குடியேறிய குடும்பம் ஒன்று முன்னுக்கு வரும் கதையாகவே எழுதப்பட்டது.

திரையில் இவர்கள் வர இவ்வளவு காலம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள், பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தன. எதிர்நாயகனைத் தடைசெய்ய இதைவிடச் சுருக்கமான வாசகம் வேண்டுமா? 1968இல் அந்த விதிகள் போய், வயதுவாரிச் சான்றிதழ் முறை வந்தது. 'காட்ஃபாதர்' படம் 1972இல் வந்தது.

தொலைக்காட்சியில் தயக்கம் இன்னும் நீண்டது. 1999இல் தொடங்கிய 'தி சோப்ரானோஸ்' தொடரின் ஐந்தாவது பகுதியில், மாஃபியா தலைவன் டோனி தன் மகளைக் கல்லூரிகள் பார்க்க அழைத்துச் செல்கிறான். வழியில், காட்டிக்கொடுத்துவிட்டுத் தலைமறைவான பழைய கூட்டாளி ஒருவன் கண்ணில் படுகிறான். மகளை ஒரு கல்லூரியில் விட்டுவிட்டுப் போய், அவன் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிட்டு வந்து அவளை அழைத்துக்கொள்கிறான். இதைக் காட்டினால் மக்கள் டோனியை வெறுத்துவிடுவார்கள் என்று நிலையத்தின் நிர்வாகம் பயந்தது. கொல்லாமல் விட்டால்தான் அவன்மேல் மதிப்புப் போய்விடும் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் வாதாடினார். காட்சி அப்படியே ஒளிபரப்பானது. பார்வையாளர்கள் டோனியை விடவில்லை.

ஏன் விடவில்லை? எதிர்நாயகனை நம் பக்கம் இழுக்கக் கதைகள் கையாளும் வழிகள் சில உண்டு. அவன் பார்வையிலேயே கதை நகரும். அவனைவிட மோசமான ஒருவன் எதிரே நிற்பான். அவன் தன் தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பான். கெட்டிக்காரத்தனத்துக்கு நாம் அநியாயமாக மயங்குவோம். யாராவது ஒருவர் மேல் அவனுக்கு உண்மையான பாசம் இருக்கும். 2008இல் தொடங்கிய 'பிரேக்கிங் பேட்' இந்த நான்கையும் கையில் எடுத்தது. வால்டர் ஒயிட் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சம்பளம் போதாமல் கார் கழுவும் இடத்திலும் வேலை செய்கிறார். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்ச இறங்குகிறார். பாவம், வேறு வழியில்லாத மனிதர் என்று நாம் நினைக்கிறோம்.

அங்கேதான் தொடர் நமக்கு ஒரு சோதனை வைக்கிறது. முதல் பருவத்திலேயே, பெரும் பணக்காரராகிவிட்ட பழைய கூட்டாளி சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார். வால்டர் மறுத்துவிடுகிறார். வேறு வழி இருந்தது. அதை எடுக்க அவருடைய கர்வம் விடவில்லை. இது ஆரம்பத்திலேயே, பட்டவர்த்தனமாகக் காட்டப்படுகிறது. ஆனாலும் 'குடும்பத்துக்காகத்தான் செய்தார்' என்று ஐந்து பருவங்களும் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்த ரசிகர்கள் ஏராளம். கடைசிப் பகுதியில் அவரே மனைவியிடம், எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது, அதில் நான் திறமைசாலி என்று ஒப்புக்கொள்கிறார். அந்த மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன், கணவனின் குற்றத்தைத் தட்டிக்கேட்ட ஒரே காரணத்துக்காகத் தன் பாத்திரத்தின்மேலும் தன்மேலும் குவிந்த வெறுப்பைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. எதிர்நாயகனைப் புரிந்துகொள்வதும் அவனுக்கு வக்காலத்து வாங்குவதும் ஒன்று என்று நினைத்துவிட்டால் வரும் வினை இது.

இரண்டிலும் அடங்காத ஒருத்தி

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெண்கள் தவறு செய்தால் மன்னிக்க அமெரிக்க வாசகர்களும் நீண்ட காலம் தயாராக இல்லை. டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) அந்தக் கதவை உடைத்தது. கென்டக்கியிலிருந்து தப்பி ஒஹாயோவுக்கு வந்த சேத் என்ற அடிமைப்பெண்ணுக்கு இருபத்தெட்டு நாள் சுதந்திரம் கிடைக்கிறது. பிறகு பழைய எஜமானன் ஆட்களோடு தேடி வருகிறான். சேத் பிள்ளைகளை விறகுக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்று, தன் பெண் குழந்தையை ரம்பத்தால் அறுத்துக் கொல்கிறாள். மற்றவர்களையும் கொல்வதற்குள் தடுத்துவிடுகிறார்கள்.

மாரிசன் இதைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. 1856இல் உறைந்திருந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்த மார்கரெட் கார்னர், பிடிபடும் தறுவாயில் தன் மகளைக் கொன்றார். கொலை வழக்குப் போடுவதா, ஓடிப்போன சொத்தாகக் கருதி உரியவரிடம் ஒப்படைப்பதா என்று நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. கொலை வழக்கென்றால் அவரை மனுஷி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் சொத்தாகவே திருப்பி அனுப்பினார்கள்.

சேத்தை எந்த வகையில் சேர்ப்பது? ஊர் அவளைப் பதினெட்டு ஆண்டுகள் ஒதுக்கி வைக்கிறது. அவளைக் காதலிக்கும் பால் டி என்பவனே, உனக்கு இரண்டு கால்தான், நான்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். கொடியது என்று தனக்குத் தெரிந்த ஒன்றிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்பது அவள் பதில். மாரிசன் அவளை விடுவிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. நான் மேலே போட்ட இரண்டு வகைகளும் இந்த நாவலின் முன் உதவாமல் போகின்றன. ஒரு பாகுபாடு எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்வதும் அதைக் கற்பதில் ஒரு பகுதிதான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'கேட்ஸ்பி', சிறிய நாவல், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். 'கேட்ச்-22' படிக்கும்போது முதல் நூறு பக்கங்களில் காலவரிசை புரியவில்லை என்றால் கவலைப்படாமல் மேலே போங்கள். அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 'பிலவட்' நாவலை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்வது நல்லது. 'ஹக்கிள்பெரி ஃபின்' படித்து முடித்த சூட்டோடு, பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய 'ஜேம்ஸ்' நாவலையும் எடுத்துவிடுங்கள். அதே ஆறு, அதே தெப்பம், ஆனால் கதை சொல்வது ஜிம். வெள்ளைக்காரர்கள் எதிரில் அவர்கள் எதிர்பார்க்கும் கொச்சைப் பேச்சைப் பேசிக்கொண்டு, தனியே இருக்கும்போது பிரெஞ்சுத் தத்துவஞானி வால்டேரோடு மனத்துக்குள் வாக்குவாதம் செய்யும் ஜிம். 2025இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ட்வெய்ன் ஹக்கின் காதருகே நம்மை உட்கார வைத்தபோது ஜிம்மைப் பற்றி எவ்வளவு கேட்காமல் விட்டோம் என்பது தெரியும்.